பனியன் கம்பெனி சர்வருக்குப் பூட்டுப் போட்ட அனுபவம்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். மதியம் மூன்று மணிக்கெல்லாம் தாராபுரம் யூனிட்டில் இருக்கும் அக்கவுண்ட்ஸ் அக்கா வாரக் கூலிப் பட்டியலை எடுக்க ஆரம்பிப்பார். அந்த நேரம் பார்த்து நான் ஹெட் ஆபீஸ் சர்வர் முன்னால் உட்கார்ந்து, டிசிபி டம்ப் என்ற சின்ன நிரலை ஓடவிட்டிருந்தேன். நெட்வொர்க் கார்டைக் கடந்து போகிற தரவுப் பொட்டலங்களைத் திரையில் அப்படியே கொட்டிக் காட்டும் நிரல் அது. 5432 என்ற போர்ட்டை, அதாவது கணினியின் எண் போட்ட வாசலை, மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வழக்கமாகப் பேசும் போர்ட் அதுதான்.

அக்கா அங்கே பட்டனைத் தட்டினார். இங்கே என் திரையில் பெயர்கள் ஓடின. டெய்லர், செக்கிங், அயர்னிங், ஹெல்பர் என்று பிரிவு வாரியாக, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, இஎஸ்ஐ எண், எத்தனை ஷிப்ட், பிடித்தம் போக எவ்வளவு கையில் என்ற தொகை. எதுவும் மறைக்கப்படவில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே விடுதியில் தங்கி வேலை பார்க்கிற பிள்ளைகளின் கணக்கு விவரம், தாராபுரத்துக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கும் எந்த இணையக் கருவியில் உட்கார்ந்தாலும் படிக்கலாம் என்ற நிலையில் போய்க்கொண்டிருந்தது. எத்தனை வருடமாக என்று யோசித்ததும் வயிற்றைப் பிசைந்தது.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஹெட் ஆபீஸில் உபுண்டு 22.04 போட்ட ஒரு சர்வர், அதில் போஸ்ட்கிரெஸ் 14. ஆர்டர், நூல் இருப்பு, கட்டிங், தையல், சம்பளம் எல்லாம் அதில்தான். ஊழியர்கள் விண்டோஸ் கணினியில் இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஒரு ஈஆர்பி மென்பொருளைத் திறப்பார்கள். அது ஓடிபிசி டிரைவர் என்ற இணைப்பு நிரல் வழியாக நேரே தரவுத்தளத்தோடு பேசும். பக்கத்து மேசையில் டேலி கணக்கு மென்பொருள் ஓடும் ஒரு விண்டோஸ் கணினி. கோயம்புத்தூர் ஆடிட்டர் ஆபீஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் அதற்குள் வரும். இந்த இரண்டுக்கும் வழி விடுவதற்காக, முன்பு அமைத்துக் கொடுத்தவர்கள் ரூட்டரில் தரவுத்தளத்துக்கு 5432, ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389 என்று இரண்டு போர்ட்டையும் இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருந்தார்கள்.

தரவுத்தளத்தின் பதிவுக் கோப்பைத் திறந்தால், முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து கடவுச்சொல் தவறிய வரிகள் பக்கம் பக்கமாக இருந்தன. யாரோ ஓர் ஆள் உட்கார்ந்து தட்டுவதில்லை இது. இணையத்தின் முகவரிகளை வரிசையாகத் தடவிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. 3389 பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற ஓட்டை வெளியே வந்தபோது, எப்போதோ ஆதரவை நிறுத்திய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே வர விடும் ஓட்டை அது.

முதலாளியிடம் போய்த் திரையைக் காட்டினேன்.

"பாஸ்வேர்டு போட்டுத்தானுங்க தம்பி வெச்சிருக்கோம். அது பத்தாதுங்களா?"

"பாஸ்வேர்டு கதவுல இருக்குற பூட்டுங்க சார். கதவு தாண்டி ரோட்டுல போற மூட்டைக்குக் கட்டே போடலை."

அவர் பட்டியலில் தன் கட்டிங் மாஸ்டர் பெயரைப் பார்த்தார். அதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "என்ன செலவானாலும் செஞ்சிருங்க" என்றார். உண்மையில் செலவு பெரிதாக ஆகவில்லை. ஆனது எல்லாம் நேரம்தான்.

இரண்டு அடுக்காகச் செய்ய முடிவு செய்தேன். ஒன்று, தரவுத்தள இணைப்பையே டிஎல்எஸ் என்ற குறியாக்கத்துக்குள் கொண்டுவருவது, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி உருமாற்றி அனுப்புவது. இரண்டாவது, வெளியூர்க்காரர்கள் எல்லோரும் இணையத்துக்குள்ளேயே தனிவழி போடும் வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் வழியாக மட்டும் வருவது. சுரங்கமே குறியாக்கம் செய்யும்போது உள்ளே இன்னொன்று எதற்கு என்று கேட்கலாம். இந்த ஆபீஸில் சிசிடிவி பெட்டி, ஆர்டர் கொடுக்கும் பையர் வந்தால் கொடுக்கிற வைஃபை, மேனேஜர்களின் போன் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் கிடந்தன. வெளியே மட்டும் பூட்டிவிட்டு வீட்டுக்குள் சம்பளக் கவரைப் பிரித்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

முதலில் தரவுத்தளம். இங்கே ஒரு விஷயம் என்னை நிறுத்தி வைத்தது. உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் நிறுவினாலே எஸ்எஸ்எல் (டிஎல்எஸ்ஸின் பழைய பெயர்) என்ற அமைப்பு இயக்கத்தில்தான் இருக்கும். சர்வர் தன்னை யார் என்று காட்டும் ஒரு சான்றிதழையும் தற்காலிகமாக அதுவே போட்டுக்கொள்ளும். இந்தச் சர்வரிலும் அப்படித்தான் இருந்தது. அதாவது குறியாக்கம் செய்ய சர்வர் முதல் நாளிலிருந்தே தயார். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. ஈஆர்பி கணினிகளின் ஓடிபிசி அமைப்பில் எஸ்எஸ்எல் மோட் என்ற இடத்தில் 'டிஸேபிள்' என்று இருந்தது. சர்வர் பக்கம், யாரை எப்படி உள்ளே விடுவது என்று சொல்லும் எச்பிஏ கோப்பில் வரிகள் எல்லாம் 'ஹோஸ்ட்' என்று தொடங்கின. ஹோஸ்ட் என்றால் குறியாக்கத்தோடு வந்தாலும் சரி, இல்லாமல் வந்தாலும் சரி, வா என்று அர்த்தம். 'ஹோஸ்ட்எஸ்எஸ்எல்' என்று இருந்தால்தான் குறியாக்கம் இல்லாமல் வருகிறவரைத் திருப்பி அனுப்பும்.

அதே மாதிரி கிளையன்ட் பக்கம், அதாவது சர்வரைக் கூப்பிடும் கணினியில், 'ப்ரிஃபர்' என்று ஒரு மோட் உண்டு. முடிந்தால் குறியாக்கம், முடியாவிட்டால் பரவாயில்லை என்று வெறும் எழுத்தாகவே அனுப்பிவிடும். நிறைய இடங்களில் இதுதான் இயல்பு நிலை. எனக்கு டிஸேபிளைவிட இதன் மேல்தான் அதிகக் கோபம். டிஸேபிள் என்று இருந்தால் பூட்டு இல்லை என்றாவது தெரியும். ப்ரிஃபர் இருந்தால் பூட்டியிருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவோம்.

சரி, சான்றிதழ். எல்லாமே உள் பயன்பாடு என்பதால் வெளியே போகாமல், மற்றச் சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் ஒரு ரூட் சான்றிதழை நானே உருவாக்கினேன், ஓபன்எஸ்எஸ்எல் என்ற நிரலை வைத்து. ரூட்டுக்குப் பத்து வருட ஆயுள், அதைக் கொண்டு கையெழுத்திட்ட சர்வர் சான்றிதழுக்கு இரண்டு வருடம். ரூட்டின் ரகசியச் சாவியை சர்வரில் வைக்கவே இல்லை. கடவுச்சொல் போட்டு ஒரு பென்டிரைவில் ஏற்றி, முதலாளி பீரோ லாக்கருக்குள் போய்விட்டது. சர்வருக்கு அது தேவையும் இல்லை.

சர்வரின் சாவிக் கோப்பை இடம் மாற்றி வைத்துவிட்டு, தரவுத்தளத்தை ரீஸ்டார்ட் செய்தேன். எழுந்திருக்கவில்லை. பில்லிங்கில் ஆள் நிற்கிறார்கள், லாரி நிற்கிறது. பதிவுக் கோப்பைப் பார்த்தால், சாவிக் கோப்பை மற்றவர்களும் படிக்கும்படி அனுமதி இருக்கிறது, அதனால் தொடங்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறது. நியாயமான மறுப்புதான். அனுமதியை 0600, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும், என்று ஆக்கியதும் எழுந்தது. நான்கு நிமிடம் போனது. இதில் என் தவறு ரீஸ்டார்ட் செய்தது. போஸ்ட்கிரெஸ் 10 முதல் சான்றிதழ் மாற்றத்துக்கு ரீலோட் (ஓட்டத்தை நிறுத்தாமல் அமைப்பை மட்டும் மறுபடி படிக்க வைப்பது) போதும். ரீலோட் செய்யும்போது கோப்பில் கோளாறு இருந்தால் பதிவில் எழுதிவிட்டுப் பழைய சான்றிதழோடு ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிற தரவுத்தளத்தில் இனி எப்போதும் ரீலோட்தான்.

அடுத்து கடவுச்சொற்கள். இவை எம்டி5 என்ற பழைய, பலவீனமான முறையில் சேமிக்கப்பட்டிருந்தன. 14ஆம் பதிப்பில் அதைவிட வலுவான ஸ்க்ராம் முறைதான் இயல்பு என்றாலும், பழைய பதிப்பிலிருந்து கொண்டுவந்த அமைப்புக் கோப்பு எம்டி5 என்றே பிடித்து வைத்திருந்தது. ஒரே நாளில் மாற்றினால் எல்லோரும் வெளியே நிற்பார்கள். ஆனால் எச்பிஏ கோப்பில் எம்டி5 என்று இருந்தாலும், ஒரு பயனரின் கடவுச்சொல் ஸ்க்ராம் முறையில் சேமிக்கப்பட்டிருந்தால் சர்வர் அவருக்கு ஸ்க்ராமையே பயன்படுத்தும். அதனால் முதலில் சேமிப்பு முறையை மட்டும் மாற்றினேன். பிறகு ஒரு வாரம் மேசை மேசையாகப் போய் ஒவ்வொருவருக்கும் புதிய கடவுச்சொல் வைத்தேன். கடைசியில் எச்பிஏ வரிகளை ஸ்க்ராம் என்று இறுக்கினேன். கட்டிங் பிரிவில் ஒரு கணினி மட்டும் '10ஆம் எண் அங்கீகார முறை தெரியவில்லை' என்று நின்றது. அதில் இருந்த ஓடிபிசி டிரைவர் ஸ்க்ராம் வருவதற்கு முந்தைய காலத்தது. டிரைவரைப் புதுப்பித்ததும் சரியானது.

எச்பிஏ கோப்பு மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும். நான் ஹோஸ்ட்எஸ்எஸ்எல் வரியைக் கீழே சேர்த்துவிட்டுப் பழைய ஹோஸ்ட் வரியை மேலே விட்டிருந்தேன். வேலை முடிந்ததென்று மறுபடி டிசிபி டம்ப் ஓட்டினால், அதே பெயர்கள், அதே கணக்கு எண்கள். கம்பியில் என்ன போகிறது என்று பார்க்காமல் போயிருந்தால் அன்றைக்கு 'முடிச்சாச்சுங்க சார்' என்று சொல்லியிருப்பேன்.

கிளையன்ட் பக்கம் எந்த மோட் வைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. 'ரிக்வயர்' வைத்தால் குறியாக்கம் கட்டாயம் நடக்கும். ஆனால் எதிரில் இருப்பது நம் சர்வர்தானா என்று அது பார்ப்பதில்லை. நம்பிக்கைக்காக ஒரு சோதனை செய்தேன். என் மடிக்கணினியில் ஒரு போஸ்ட்கிரெஸ் நிறுவி, நானே கையெழுத்திட்ட ஏதோ ஒரு சான்றிதழைக் கொடுத்து, ஒரு கணினியை மட்டும் என் பக்கம் திருப்பினேன். ரிக்வயரில் இருந்த ஈஆர்பி மென்பொருள் சந்தோஷமாக வந்து இணைந்தது. போலி சர்வர், கடவுச்சொல்லை வெறும் எழுத்தாகவே கொடு என்று கேட்டது, டிரைவர் கொடுத்தும்விட்டது. குறியாக்கம் இருந்தது, ஆனால் திருடனோடு.

'வெரிஃபை-ஃபுல்' வைத்தால் சான்றிதழ் நம் ரூட் கையெழுத்திட்டதா, அதில் இருக்கும் பெயரும் நாம் கூப்பிட்ட பெயரும் ஒன்றா என்று இரண்டையும் பார்க்கும். இதில் மாட்டியது, எல்லாக் கணினியிலும் சர்வர் முகவரியை ஐபி எண்ணாகவே கொடுத்திருந்தார்கள். சான்றிதழில் ஐபி எண்ணுக்கென்று இருக்கும் இடத்தை போஸ்ட்கிரெஸ் 15க்கு முந்தைய கிளையன்ட் நூலகம் பார்ப்பதில்லை. டிரைவர்கள் பல வயதில் இருந்ததால் அந்தத் தொல்லையே வேண்டாமென்று சர்வருக்கு ஒரு பெயர் வைத்தேன். அந்தப் பெயரைச் சான்றிதழில் சேர்த்து, பதினொரு விண்டோஸ் கணினிகளிலும், எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதினேன். ரூட் சான்றிதழ் கோப்பையும் ஒவ்வொன்றிலும் வைத்தேன். சலிப்பான வேலை, ஒன்றரை நாள். அதற்குப் பிறகு என் போலி சர்வரிடம் யாரும் வரவில்லை.

சர்வருக்குள் யார் எப்படி இணைந்திருக்கிறார்கள் என்று பார்க்க பிஜி ஸ்டாட் எஸ்எஸ்எல் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எல்லா வரியிலும் டிஎல்எஸ் 1.3, ஏஇஎஸ் 256 என்று வந்தபோதுதான் எழுந்து போய் டீ குடித்தேன்.

அப்புறம் வயர்கார்டு. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது; 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் கெர்னல் என்ற இயங்குதள மையத்துக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது, தேர்வுக்கு இடமே வைக்காதது. கர்வ்25519, சாச்சா20-பாலி1305 என்று எந்தெந்தக் குறியாக்க முறை என்பதை அதுவே நிர்ணயித்துவிட்டது. பழைய பலவீனமான முறையைத் தெரியாமல் இயக்கிவிடுவதற்கு வழி கிடையாது. இன்னொன்று, சரியான சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. இந்தக் குணம்தான் பின்னால் என்னைப் பத்து நாள் அலைய விட்டது.

ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி ஜோடி: ஒரு ரகசியச் சாவி, ஒரு பொதுச் சாவி. ஒருவர் வேலையை விட்டுப் போனால் சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு பகுதியை நீக்கினால் போதும். ஆடிட்டர் ஆபீஸ் தம்பி, "அண்ணா, சாவியை வாட்ஸாப்ல அனுப்பிருங்க" என்றார். ரகசியச் சாவி பிறந்த கருவியை விட்டு நகரக்கூடாது என்று சொல்லி, அவர் மடிக்கணினியிலேயே உருவாக்க வைத்து, பொதுச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டேன். பொதுச் சாவியை வாட்ஸாப்பில் என்ன, சுவரிலேயே எழுதலாம். ஆடிட்டர் சுரங்கத்துக்குள் வந்தாலும் டேலி கணினியின் 3389 தவிர வேறெதுவும் தொட முடியாதபடி சர்வரின் ஃபயர்வாலில் வரி போட்டேன்.

ரூட்டரில் 5432, 3389 இரண்டையும் மூடிவிட்டு வயர்கார்டுக்கான யுடிபி 51820 ஒன்றை மட்டும் திறந்தேன். போன் இணையத்திலிருந்து, திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் நிரலை ஓட்டிப் பார்த்தேன், இரண்டும் போய்விட்டன.

சர்வரை நான் நிர்வகிக்கும் எஸ்எஸ்எச் வழியிலும் ஒரு பொறி இருந்தது, எழுதி வைக்கிறேன். முக்கிய அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் நுழைவு வேண்டாம் என்று எழுதி ரீஸ்டார்ட் செய்தும் அது கடவுச்சொல் கேட்டது. உபுண்டு நிறுவும்போது கிளவுட்-இனிட் என்ற தொடக்க நிரல் ஒரு துணைக் கோப்பை வைத்து, அதில் 'ஆம்' என்று எழுதிவிட்டிருந்தது. எஸ்எஸ்எச் முதலில் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும்; துணைக் கோப்புதான் முதலில் படிக்கப்படும். கோப்பைப் பார்த்து முடிவுக்கு வராமல், எஸ்எஸ்எச்டி நிரலிடமே '-T' (பெரிய டி) என்ற விருப்பத்தைக் கொடுத்து 'நீ என்ன புரிந்துகொண்டாய்' என்று கேட்பதுதான் பத்திரம்.

தாராபுரம் யூனிட்டில் ஆறு கணினிகள். ஒவ்வொன்றிலும் வயர்கார்டு போடுவதற்குப் பதில், சும்மா கிடந்த ராஸ்பெரி பை 3 என்ற கையளவுக் கணினி ஒன்றை எடுத்து, அதை அந்த யூனிட்டின் சுரங்க வாசலாக வைத்தேன். முதல் வாரம் அருமையாக ஓடியது. அடுத்த புதன்கிழமை அங்கே மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. ஜெனரேட்டர் போடுவதற்குள் யுபிஎஸ் படுத்துவிட்டது. கரண்டு வந்ததும் போன் வந்தது: "ஏனுங்க, சாஃப்ட்வேர் ஓப்பனே ஆக மாட்டேங்குது."

இங்கிருந்து பார்த்தால் பை கருவியிடமிருந்து கைகுலுக்கல், அதாவது சுரங்கத்தைத் தொடங்கும் பரிமாற்றம், இல்லை. பிரவுசரில் அவர்களுக்கு இணையம் வருகிறது. நான் சர்வரில் வயர்கார்டை நிறுத்தித் திரும்ப இயக்கினேன். உடனே வந்துவிட்டது. சரி, சர்வர் பக்கம் ஏதோ சிக்கல் என்று நினைத்தேன். அடுத்த மின்தடை, அதே கதை, அதே வைத்தியம். மூன்றாம் தடவை நான் வேறு ஊரில் இருந்தேன், கைவைக்கவில்லை. பார்த்தால் ஆறு நிமிடத்தில் தானாக வந்தது. இன்னொரு நாள் தானாக வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஒரு நாள் பிரச்சினையே வரவில்லை. மின்தடை எவ்வளவு நேரம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பத்து நிமிடத் தடைக்கு இருபத்தைந்து நிமிடம், நான்கு மணி நேரத் தடைக்கு ஆறு நிமிடம். ரூட்டர், சிம், கேபிள் என்று வரிசையாகச் சந்தேகப்பட்டேன். எல்லாம் வீண்.

சர்வர் கெர்னலில் வயர்கார்டின் விரிவான பதிவை இயக்கி வைத்தேன். அடுத்த தடவை அறுந்தபோது, தாராபுரம் முகவரியிலிருந்து 'செல்லாத கைகுலுக்கல் தொடக்கம்' என்று சில நொடிக்கொரு வரி வந்தது. அதாவது பொட்டலம் வந்து சேர்கிறது, சர்வர்தான் நிராகரிக்கிறது. சாவி தவறா? பத்து நிமிடம் கழித்து அதே சாவியை ஏற்றுக்கொள்கிறதே.

மறுநாள் பஸ் ஏறி தாராபுரம் போனேன். பை கருவியில் ஒரு திரையை மாட்டி, மின் இணைப்பைப் பிடுங்கித் திரும்பப் போட்டேன். முதலில் கண்ணில் பட்டது நேரம். என் கைக்கடிகாரத்தில் 11:40. பையில் 11:22.

அங்கே புரிந்தது. ராஸ்பெரி பை 3இல் பேட்டரியோடு கூடிய கடிகாரச் சில்லு கிடையாது. கரண்டு போனால் நேரம் போச்சு. அதற்குப் பதில் ஒரு சின்ன நிரல் மணிக்கு ஒரு முறை நேரத்தைக் கோப்பில் எழுதி வைக்கும். எழுந்ததும் அந்தப் பழைய நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். அப்புறம் இணையத்தில் நேரம் சொல்லும் என்டிபி சர்வரைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். வயர்கார்டோ ஒவ்வொரு கைகுலுக்கல் தொடக்கத்திலும் நேர முத்திரை ஒன்றை வைக்கிறது. எதிர்ப்பக்கம், இந்தச் சாவியிலிருந்து இதுவரை வந்த முத்திரைகளில் பெரியது எது என்று நினைவில் வைத்திருக்கும். அதைவிடப் பழைய முத்திரை வந்தால் ஒரு சொல்லும் சொல்லாமல் தள்ளிவிடும். யாரோ பழைய பொட்டலத்தைப் பிடித்து வைத்துத் திரும்ப வீசி ஏமாற்றக்கூடாது என்பதற்கான காவல் அது. கரண்டு போகுமுன் 11:38 முத்திரையோடு பேசிய கருவி, எழுந்து வந்து 11:22 என்கிறது. சர்வர் கண்ணுக்கு அது பழைய சரக்கு.

சர்வரில் வயர்கார்டை நிறுத்தி இயக்கினால் ஏன் சரியானது என்பதும் விளங்கியது. அந்த நினைவு மெமரியில்தான் இருக்கிறது, நிறுத்தினால் அழிந்துவிடும். நான்கு மணி நேரத் தடைக்கும் ஆறு நிமிடம்தான் ஆனது ஏன்? கடைசியாக எழுதி வைத்த நேரத்துக்கும் கரண்டு போன நேரத்துக்கும் இடையிலான வித்தியாசம்தான் கணக்கு. பையின் கடிகாரம் அந்த இடைவெளியை நடந்து கடந்ததும் முத்திரை புதியதாகிவிடும், சர்வர் ஏற்றுக்கொள்ளும்.

ஆனால் இணையம் இருக்கும்போது என்டிபி ஏன் உடனே நேரத்தைச் சரிசெய்யவில்லை? இங்கேதான் என் தவறு. ஆடிட்டர் மடிக்கணினிக்கு எழுதிய வயர்கார்டு கோப்பையே நகல் எடுத்து பைக்கும் வைத்திருந்தேன். அதில் டிஎன்எஸ் என்று ஒரு வரி, ஹெட் ஆபீஸ் சர்வரைக் காட்டியது. பெயரை முகவரியாக்க பை கருவி சுரங்கத்துக்குள் போய்க் கேட்க வேண்டும். என்டிபி சர்வரின் பெயரைத் தெரிந்துகொள்ளச் சுரங்கம் வேண்டும். சுரங்கம் வர நேரம் சரியாக வேண்டும். நேரம் சரியாக என்டிபி வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற நிலை. என்றைக்காவது வயர்கார்டு எழுவதற்கு முன்னால் என்டிபி முந்திக்கொண்டால் அன்றைக்குப் பிரச்சினை வரவில்லை.

அந்த வரியை நீக்கினேன். யூனிட் கணினிகளுக்கு அது தேவையே இல்லை. அத்தோடு விடாமல், இணையம் இல்லாமல் எழுந்தாலும் நேரம் சரியாக இருக்கட்டும் என்று டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒன்று வாங்கி மாட்டினேன். 200 ரூபாய். மலிவுப் பலகைகளில் ஒரு கவனம் வேண்டும். அவற்றில் ரீசார்ஜ் செய்யும் பேட்டரிக்கான மின்னேற்றச் சுற்று இருக்கும்; நாம் போடுவதோ ரீசார்ஜ் ஆகாத சிஆர்2032. நான் அந்தச் சுற்றில் இருந்த டையோடை உருக்கி எடுத்துவிட்டேன், பலகைக்கு 3.3 வோல்ட் மட்டுமே கொடுத்தேன். பலகையோடு பேசும் ஐ2சி இணைப்பை இயக்கி, பூட் அமைப்பில் கடிகாரத்தை அறிவித்து, நேரத்தைக் கோப்பில் எழுதி வைத்த அந்தப் போலிக் கடிகார நிரலை நீக்கினேன். அங்கேயே ஏழு தடவை மின் இணைப்பைப் பிடுங்கிப் போட்டேன். ஏழு தடவையும் எழுந்த சில நொடிகளில் கைகுலுக்கல் வந்தது.

இன்னொன்றும் அன்றே முடித்தேன். நம் நாட்டில் கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் கொடுத்த உத்தரவின்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கணினிகளின் நேரம் என்டிபியோடு ஒத்திருக்க வேண்டும், தாக்குதல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தரவுத்தளப் பதிவு இங்கே ஏழு நாளில் அழிந்துகொண்டிருந்தது. அதை 180 நாளுக்கு நீட்டினேன். நேரத்தைப் பற்றிய அந்த வரியை முன்பு படித்தபோது சடங்கு என்று நினைத்தேன். தாராபுரத்தில் 11:22ஐப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அடுத்த மாதப் பராமரிப்பு மின்தடை ஒரு சனிக்கிழமையே வந்தது. காலை ஒன்பதுக்குப் போன கரண்டு இரண்டரைக்கு வந்தது. நான் ஹெட் ஆபீஸில் டிசிபி டம்பை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு முப்பத்தொன்றுக்கு பையின் கைகுலுக்கல். மூன்று மணிக்கு அக்கா பட்டியலை எடுத்தார். திரையில் ஒரு பெயர்கூட இல்லை, வெறும் கிறுக்கல். அக்காவுக்குப் போன் செய்து பட்டியல் முழுசாக வந்ததா என்று கேட்டேன்.

"வந்துருச்சுங்க தம்பி, பிரிண்ட் எடுத்துட்டு இருக்கறேன். ஏன், அங்க ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

"ஒண்ணுமில்லீங்க அக்கா" என்றேன். சர்வர் சான்றிதழ் காலாவதியாகும் தேதியை ஒரு மாதம் முன்கூட்டியே முதலாளி அறை நாட்காட்டியிலும் என் போனிலும் குறித்துவிட்டேன். இரவு பேக்கப் கோப்பு இன்னும் குறியாக்கம் இல்லாமல்தான் வெளி டிஸ்க்குக்குப் போகிறது. அதைத் திங்கள்கிழமை கையில் எடுக்க வேண்டும்.